எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவங்கதான்

மரபு விழா என்று காதில் விழுந்தாலே பல் டாக்டரம்மாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். ஊர்க்காரர் சங்கம் வருடந்தோறும் நடத்தும் விழா அது. அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் போவாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மேடையில் பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் ஏறாது. யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யாருக்கு ஈறு வீங்கியிருக்கிறது என்பது மட்டும் கண்ணில் ஏறும். அந்த வகையில் விழாவால் அவளுக்குத் தொழில் லாபம் உண்டு. மற்றபடி, எவனோ மைக்கைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று சொல்வதைக் கேட்க மூன்று மணி நேரம் எதற்கு என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளிடம், "இந்த வருஷம் உங்க வீட்டு ஆள் மேடைக்கு வர வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்திருக்க வேண்டும்? விட்டது சனியன் என்று ஒரு தூக்கம் போட்டிருக்க வேண்டும். போடவிடாமல் செய்தவள் கிளட்ச்.

கிளட்ச் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் பெண்களில் பாதிப்பேர் அவளிடம் கற்றவர்கள்தான். "கிளட்ச்சை மிதி! கிளட்ச்சை மிதின்னா பிரேக்கை மிதிக்கறியே!" என்று தெருத்தெருவாகக் கத்தியதில் பெயரே அப்படி ஆகிவிட்டது. பதினோரு வருடமாக டாக்டரம்மாவோடு ஒரே வீடு, ஒரே அறை, ஒரே போர்வை. அந்தப் போர்வை யார் பக்கம் எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் சமரசம் ஏற்படவில்லை. டாக்டரம்மாவின் அம்மாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "மாடியில குடியிருக்கற பொண்ணு" என்பாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

கிளட்ச்சுக்கு அந்த ஊர்க்காரர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. விடுதியில் வளர்ந்தவள். உற்றார் உறவினர் என்று கை நீட்டிக் காட்ட ஆளில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்களுக்கு இல்லாத ஆசை அவளுக்கு. விழாவில் வட்ட ஆட்டம் என்று ஒன்று உண்டு. குடும்பம் குடும்பமாக மேடையேறி, கை கோத்துச் சுற்றி வந்து, மூன்றாவது அடியில் ஒரு தாண்டு தாண்டுவார்கள். வருடா வருடம் வயசானவர்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசல் பக்கம் நின்று அதை வாய் பிளந்து பார்ப்பாள். இந்த வருடம் எப்படியோ துணிச்சல் வந்து, ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற அக்காவிடம் போய் நின்றாள். அந்த அக்காவும் கிளட்ச்சிடம் வண்டி பழகியவள்தான். "தாராளமா வாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். பச்சைத் துணியில் உடை தைத்தாயிற்று. சமையலறையில் கரண்டியோடு தாண்டிப் பழகியாயிற்று. எந்தக் குடும்பத்தில் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, இது என்ன கேள்வி என்கிற மாதிரி, "டாக்டர் குடும்பம்" என்றாள் கிளட்ச்.

அங்கேதான் வந்தது வினை.

மறுநாளைக்கு மறுநாள் கிளினிக்குக்கு மாமா போன் செய்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. டைல்ஸ் கடை முதலாளி, சங்கத் தலைவர்.

"அம்மாடி, மாமா பேசறேன்."

"சொல்லுங்க மாமா. பல்லு வலிக்குதா? புதன்கிழமைதானே கேப் போடறோம்?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது விழா விஷயம். அந்த டிரைவிங் பொண்ணு இருக்கில்ல... நல்ல பொண்ணு. தங்கமான பொண்ணு."

"யாரு இல்லைன்னா?"

"அவ மேடைக்கு வரது மட்டும் வேணாம்மா. மரபு விழா பாரு. எனக்கு ஒண்ணுமில்ல. மத்தவங்கதான் ஒரு மாதிரி நினைப்பாங்க."

"மத்தவங்கன்னா யாரு மாமா?"

"மத்தவங்கன்னா... மத்தவங்கதான்." மாமா செருமினார். "அவளுக்கும் ஒரு கௌரவம் பண்ணணும்னு கமிட்டியில பேசியிருக்கோம். மஞ்சள் சட்டை ஒண்ணு கொடுக்கறோம். வண்டி நிறுத்தற இடத்துல நின்னு கையைக் காட்டட்டும். அவ தொழிலுக்கும் பொருத்தமா இருக்கும் இல்ல?"

டாக்டரம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, கிளட்ச் அந்தப் பச்சை உடையை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக மடித்து, எட்டாக மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்கு மேல் மடிக்க முடியாமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள்.

"விடு கழுதையை. அது என்ன அப்படிப் பெரிய விழா? மைக்ல மூக்குச் சிந்தறதைக் கேக்க ஆளாளுக்கு அலங்காரம் பண்ணிக்கிட்டுப் போறாங்க."

கிளட்ச் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு அது வேணாம். சின்ன வயசிலேர்ந்து திகட்டத் திகட்டக் கிடைச்சிருக்கு, வேணாம்னு சொல்றே. நான் வேணாம்னு சொல்லல. என்னை வேணாம்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?"

பதில் கிடைக்காவிட்டால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடுதான், தனக்குச் சற்றும் பிடிக்காத ஒரு விழாவுக்குள் நுழைவதற்காகச் சண்டை போடக் கிளம்பினாள்.

சண்டைக்கு அவள் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கமிட்டியே ஒவ்வொருவராக அவள் நாற்காலிக்கு வந்து சாய்ந்தது.

முதலில் வந்தவர் பொருளாளர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா விளக்கை முகத்துக்கு நேராக இழுத்து, வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டாள்.

"கிளட்ச் வட்ட ஆட்டம் ஆடறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

"ஆ... ஆஆ."

"இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"ஆங்ங்."

பஞ்சை எடுத்ததும் மனிதர் மளமளவென்று கொட்டினார். "எனக்கென்னங்க டாக்டரம்மா? என் சம்சாரத்துக்கு வண்டி கத்துக் கொடுத்ததே அவங்கதானே? யார் யாரோட இருந்தா எனக்கென்ன? நான் அந்த மாதிரி ஆளே இல்ல. மத்தவங்கதான். குறிப்பா செயலாளரம்மா. கொஞ்சம் கண்டிப்பு பாருங்க."

செயலாளரம்மா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்ய வருவார். வாயைத் திறக்கச் சொன்னாலும் ஏதோ அனுமதி வழங்குவது போலத்தான் திறப்பார்.

"எனக்கா? ஆட்சேபணையா?" என்று வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டார். "முப்பது வருஷமா பள்ளிக்கூடம் நடத்தறேன். நான் பார்க்காததா? எனக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஆட்டத்துக்குன்னு ஒரு புனிதம் இருக்கும்மா. நம்ம முன்னோர் ஆத்தைத் தாண்டி வந்ததோட குறியீடு அந்தத் தாண்டல். குடும்பம் குடும்பமா தாண்டி வந்தாங்க. அதைப் போய்..."

"டீச்சர், அது ஆறு இல்ல. டைல்ஸ்."

"என்னது?"

"முதல் ஒத்திகை நடந்தப்போ நான் அங்க தரையில உக்காந்து பலூன் ஊதிக்கிட்டு இருந்தேன். ஹால்ல ஒரு டைல்ஸ் பேந்துக்கிட்டு நின்னுச்சு. எங்கம்மா முதல் ஆளா போனா. கால் தடுக்கிடும்னு தாண்டினா. பின்னாடி வந்தவங்களும் தாண்டினாங்க. அடுத்த வருஷம் டைல்ஸை மாத்திட்டாங்க, தாண்டறதை மட்டும் யாரும் நிறுத்தல. அந்த டைல்ஸும் எங்க மாமா கடைச் சரக்குதான்."

தலைமையாசிரியையின் முகம், விடைத்தாளில் கெட்ட வார்த்தையைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. "அப்படியெல்லாம் பேசக்கூடாது. ஆறுன்னு நான் ஆண்டு மலர்ல எழுதி அச்சாயிடுச்சு."

"சரி, ஆறாவே இருக்கட்டும். யார் தடுக்கறாங்க கிளட்ச்சை?"

"நான் இல்லம்மா. தலைவரைக் கேளுங்க. பெரியவங்க ஏதோ மனசு சங்கடப்படறாங்கன்னார்."

புதன்கிழமை மாமா வந்தார். டாக்டரம்மா மரத்துப் போகும் ஊசியைப் போட்டுவிட்டு, சக்கரம் வைத்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"பொருளாளருக்கு ஒண்ணுமில்லையாம். செயலாளருக்கு ஒண்ணுமில்லையாம். உங்களுக்கும் ஒண்ணுமில்ல. கமிட்டின்னா நீங்க மூணு பேர்தான். அந்த மத்தவங்க எந்தத் தெருவுல குடியிருக்காங்க மாமா? விலாசம் கொடுங்க, நேர்லயே போய்ப் பேசிக்கறேன்."

மாமா கூரையைப் பார்த்தார். பக்கத்துத் தட்டில் அடுக்கியிருந்த கருவிகளைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது. டாக்டரம்மா எந்தக் கருவியையும் தொடவில்லை. மனிதர்களுக்கு அந்த நாற்காலியில் சாய்ந்தாலே மனச்சாட்சி வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

"உங்கம்ஃமா" என்றார்.

"எங்கம்மாவுக்கு என்ன? நல்லா இருக்கா."

"இஃல்ல. உங்கஃம்மாதான்."

"துப்பிட்டுச் சொல்லுங்க மாமா. ஒண்ணும் புரியல."

மாமா துப்பினார். மரத்துப்போன பாதி உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார். "உங்கம்மாதான் வேணாம்னா. மைக்ல என்னன்னு கூப்பிடறதுன்னு அக்காவைக் கேட்டேன். கூப்பிடவே வேணாம், மேடையே வேணாம்னு சொல்லிட்டா. நான் என்னம்மா பண்ணுவேன்?"

டாக்டரம்மாவின் ஸ்டூல் தானாகப் பின்னால் நகர்ந்து கைகழுவும் தொட்டியில் போய் முட்டியது. பிறகு எழுந்து வந்து, கேப்பை ஒட்டி, "கடிச்சுப் பாருங்க, உயரமா இருக்கா?" என்று கேட்டாள். உயரமாகத்தான் இருந்தது. பொறுமையாகத் தேய்த்துச் சரிசெய்து அனுப்பினாள். கோபத்தை நோயாளியின் பல்லில் காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கிளட்ச் சமைத்துவைத்துவிட்டுப் போனது. தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. அதைக் காலை, மதியம், ராத்திரி என்று பிரித்துவைத்ததும் கிளட்ச்தான்.

"மாமாகிட்ட என்ன சொன்னே?"

"எந்த மாமா?" அம்மா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு இருக்கறதே ஒரு மாமாதான்."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள். டாக்டரம்மா கட்டிக்கொடுத்த பல்செட்டு. நிதானமாகத்தான் மெல்ல முடியும். அந்த நேரத்தைப் பயன்படுத்தி யோசித்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"ஆமா, சொன்னேன். அதுக்கு என்னங்கறே? இந்த வீட்டுக்குள்ள நான் ஏதாவது சொன்னேனா? பதினோரு வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லாததுதான் பிரச்சினையே."

"என்னன்னுடி சொல்றது?" அம்மா கையை உதறினாள். "ஒவ்வொரு குடும்பமா உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவாங்க. மகன், மருமக, மருமகன், பேரன்னு வரிசையா. இவ எனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு. தம்பி கேட்டான், 'அக்கா, என்னன்னு போட?'ன்னு. எனக்கு வாயே எழல. வேணாம்னு சொல்லி போனை வச்சுட்டேன்."

"மாடியில குடியிருக்கற பொண்ணுன்னு சொல்லியிருக்கலாமே. மாடியைத்தான் கட்டணும்."

"கிண்டல் பண்ணாதே. எல்லாருக்கும் தெரியும்டி."

"தெரிஞ்சா அப்புறம் என்ன?"

"தெரியறது வேற, சொல்றது வேற. நான் சொல்லாத வரைக்கும் அவங்க கேக்காம இருக்காங்க. அது ஒரு மரியாதை."

"யாருக்கு மரியாதை?"

அம்மா பதில் சொல்வதற்குள் வாசல் பக்கம் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே சாப்பிட வந்த கிளட்ச், சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியவில்லை.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்றாள்.

"கொஞ்சம் தூக்கல்" என்றாள் அம்மா.

அறைக்குள் வந்ததும் டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"எப்படி?"

"மாமா உங்கம்மாவுக்கு போன் பண்ணினப்போ நான் அங்கதான் இருந்தேன். அவங்க கால்ல தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுவாங்க."

"உன்னை வச்சுக்கிட்டேவா சொன்னா? நீ என்ன பண்ணினே?"

"ஒரு கால் முடிஞ்சிருந்தது. இன்னொரு கால் பாக்கி இருந்தது. தேய்ச்சுட்டுத்தான் எழுந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மாவைப் பத்தி உன்கிட்ட கோள் சொல்லணும்னா, அதுக்கும் ஒரு உறவுமுறை வேணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, கிளட்ச் முகம் கழுவப் போய்விட்டாள்.

அதன் பிறகு விழாநாள் வரை டாக்டரம்மா அம்மாவோடு பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. இருவருக்கும் நடுவில் கிளட்ச் மட்டும் இருவரோடும் பேசிக்கொண்டிருந்தாள். அதுவே இருவருக்கும் முள்ளாகக் குத்தியது.

விழா அன்று சாயங்காலம் அம்மா சகல அலங்காரத்தோடும் கூடத்தில் வந்து நின்றாள். சங்கத்தின் மூத்த உறுப்பினர். முதல் வரிசையில் நாற்காலி. போகாமல் இருந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். போவதற்கோ வண்டி வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லாமல், கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"டாக்சி கூப்பிட்டுக்கச் சொல்லு" என்றாள் டாக்டரம்மா சுவரைப் பார்த்து.

கிளட்ச் ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தாள். "முட்டி வலியோட டாக்சியில எப்படி ஏறி இறங்குவாங்க? வாங்கம்மா."

அம்மா முன்சீட்டில் ஏறினாள். டாக்டரம்மா பின்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். ஓட்டுநர் பள்ளியின் வண்டி அது. மண்டையில் பெரிய எல் போர்டு உட்கார்ந்திருக்கும்.

மண்டபம் ஒரு மேட்டின் மேல் இருந்தது. வாசலில் கூட்டம். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். கிளட்ச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்ன அதே சட்டைதான். வேறு ஆள் பிடித்துவிட்டார்கள் போல.

"குடும்ப வண்டி எல்லாம் உள்ளே, மத்த வண்டி வெளியே" என்று ஒப்பித்துவிட்டு, குனிந்து எட்டிப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார். "இது குடும்ப வண்டியாங்க?"

கிளட்ச் வாயைத் திறந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த சிமெண்ட் விளம்பரத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

அந்த ஊரில் கிளட்ச் ஓட்டி வண்டி அணைந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மறுபடி கிளப்பினாள். தவளை மாதிரி ஒரு எம்பு எம்பி மறுபடி அணைந்தது. மேடு வேறு. மெல்லப் பின்னால் உருண்டது. கை பிரேக்கைச் சட்டென்று இழுத்தாள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. மண்டபப் படியில் நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கத் திரும்பினார்கள். மாமா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

பின்வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் பொருளாளர். எல் போர்டையும் கூட்டத்தையும் பார்த்தவர், கூட்டத்துக்குக் கேட்கும்படியாகவே குரலை உயர்த்தினார். "விழாவுக்கு வர நேரத்துல யாருங்க இந்த வண்டியை எல்லாம் உள்ள விட்டது? ஓட்டத் தெரியாத டிரைவரை இறங்கச் சொல்லுங்க. நான் எடுத்து ஓரமா விடறேன்."

அம்மாவின் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. சுற்றிச் சுற்றி இறக்குகிற பழைய கைப்பிடி. அதனால் அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிப்பட்டது. முழுவதும் வெளிப்படுவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.

"யாருடா டிரைவர்? உன் பொண்டாட்டி ரிவர்ஸ் எடுக்கறேன்னு உன் கடை ஷட்டரையே இடிச்சுத் தள்ளினாளே, அவளை ஒரு ஆளாக்கி ரோட்டுல விட்டது யாரு? என் மருமக! அவளை ஓட்டத் தெரியாதவங்கறியா? அரைக்கால் சட்டை போட்டு மூக்கு ஒழுகிக்கிட்டு நின்னவன் நீ. என் மருமகளைத் திட்டறதுக்கு நான் இருக்கேன். நீ யாருடா?"

சட்டென்று ஹாரன்கள்கூட நின்றுவிட்டன. அம்மா தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். படியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா பாதி வழியில் நின்றுவிட்டார். அம்மா கையை மெல்ல எடுத்தாள். வெளியே போனதைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது என்று தெரிந்ததும், மிச்சமிருந்ததையும் கொட்டிவிட முடிவு செய்தவள் போல உள்பக்கம் திரும்பினாள்.

"நீயும்தான்! தினம் தினம் ஓட்டறவ. இன்னைக்குப் பார்த்துத்தான் உனக்குக் கால் தடுமாறணுமா? ஊரே கூடி நிக்குது, மானத்தை வாங்கறே. மூக்கைத் துடை. ம், ஸ்டார்ட் பண்ணு!"

கிளட்ச் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. வண்டி கிளம்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மேடேறி உள்ளே போய் நின்றது.

மாமா மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். "அக்கா, அப்போ மைக்ல என்னன்னு..."

"வாசல்ல நின்னு அந்தக் கத்து கத்தினேனே, உனக்குக் காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. இல்லக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. மத்தவங்க..."

"அந்த மத்தவங்களில ஒருத்தி நான்தான். நான் சொல்றேன், கூப்பிடு. இன்னும் யாராவது இருந்தா என்கிட்ட அனுப்பு."

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. குடும்பங்களைக் கூப்பிடும் நேரம் வந்ததும் மாமா மைக்கைப் பிடித்து, அம்மாவின் பெயரைச் சொல்லி, "அவங்க மகள், நம்ம பல் டாக்டர்" என்று சொல்லி, அடுத்த வார்த்தைக்கு முன்னால் இருமினார். இருமல் கூடம் முழுக்க எதிரொலித்தது. அதற்குள் நசுங்கி ஒரு 'மருமகள்' வந்தது. "என்ன சொன்னாரு?" என்று ஒரு காது கேட்காத பெரியவர் கேட்க, பக்கத்திலிருந்தவர், "மருமகளாம்!" என்று மைக்கே தேவையில்லாத குரலில் சொல்லிவைத்தார். இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. அதில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பசி என்று சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தது. இன்னொன்று வரவேயில்லை. அந்தக் குடும்பம் இப்போது வேறு பல் டாக்டரிடம் போகிறது. தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைதட்டவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

இத்தனை களேபரத்தில் டாக்டரம்மா ஒரு விஷயத்தை யோசிக்கவே மறந்திருந்தாள். குடும்பத்தைக் கூப்பிட்டால் குடும்பம் முழுக்க மேடையேற வேண்டும்.

"நானா? நான் எதுக்கு? எனக்கு ஆடவே தெரியாது."

"இவ்வளவு சண்டை போட்டுட்டு இப்ப என்னடி?" என்று அம்மா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "முட்டி வலிக்குது எனக்கு. நான் ஓரமா நின்னு கையைத் தட்டறேன். நீ போ."

கைக்குட்டை அளவு மடித்துக் கைப்பையில் போட்டுவைத்திருந்த பச்சை உடையை கிளட்ச் எப்போது மாற்றிக்கொண்டு வந்தாளோ, மடிப்புக் கோடுகளோடு வந்து நின்றாள். டாக்டரம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வட்டம் நகர ஆரம்பித்தது. டாக்டரம்மா எல்லோரும் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் போனாள். எல்லோரும் குனிந்தால் நிமிர்ந்தாள்.

"பதட்டப்படாதே" என்று பக்கத்தில் கிளட்ச்சின் வாத்தியார் குரல் கேட்டது. "முன்னாடி பாரு, காலைப் பார்க்காதே. இடது. இடதுன்னா வலது போறியே! மெதுவா... இப்ப தாண்டு."

டாக்டரம்மா தாண்டினாள். நேராகப் பொருளாளர் மனைவியின் கால் விரலில் போய் இறங்கினாள். அந்த அம்மாள் "ஐயோ" என்று அலறிக்கொண்டே சிரித்துவிட்டாள். கிளட்ச்சின் முகம் வேர்வையில் பளபளத்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு பேரை டாக்டரம்மா மிதித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டரம்மா காலையில் கண் விழித்தபோது, அம்மா தன் அறையில் உட்கார்ந்து தூரத்து ஊரிலிருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வழக்கம் போல ஸ்பீக்கரில்.

"அதை ஏன் கேக்கறே? என் மருமக ஒரு பாத்திரத்தையாவது இடத்துல வைக்கறாளா? கரண்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். உப்பு அள்ளிக் கொட்டுவா. சொன்னா முகத்தைத் தூக்கி வச்சுக்குவா. துணி காயப்போடற அழகைப் பார்க்கணுமே நீ..."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்று எதிர்முனையில் சித்தி உற்சாகமாக ஆரம்பித்தாள். "என் மருமகளைக் கேளு..."

கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. இப்போதே போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று போர்வையை உதறிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

கூடத்தில் கிளட்ச் சோபாவின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வாயைத் திறக்கப் போவதைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றாள். ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, அம்மாவின் அறைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டாள்.